அளக்கிற வெளிச்சமே அளவை மாத்தினா?

(எபிசோடின் ஒலிப்பதிவைச் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

நாகரசம்பட்டியிலிருந்து பேசறேன். போன எபிசோட்ல லேசர் பத்திப் பேசினோம். அதைக் கேட்டுட்டு ஓசூர்ல ஒரு ஷீட் மெட்டல் பட்டறையில லேசர் கட்டிங் மெஷின் ஓட்டுற ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாரு. "அண்ணா, வெளிச்சம் பட்டா அணுவோட எனர்ஜி லெவலே நகரும்னு எங்கேயோ படிச்சேன். எங்க மெஷின்ல இரும்பே வெட்டுது. அப்போ அங்க லெவல் எவ்வளவு நகரும்?"

அருமையான கேள்வி. இதுக்கு ஒரு நம்பர் சொல்லி முடிச்சிடலாம். ஆனா அந்த நம்பர் இரும்புக்கு ஒண்ணுமே இல்ல, அதே நம்பர் ஒரு கடிகாரத்துக்குப் பேரிடி. ஏன் அப்படிங்கிறதுதான் இன்னைக்கு எபிசோட்.

படிக்கட்டுல அரைப் படி கிடையாது

அணுவுக்குள்ள எலக்ட்ரான் இஷ்டப்பட்ட எனர்ஜியில இருக்க முடியாது. மாடிப்படி மாதிரி நினைச்சுக்கோங்க. ஒண்ணாவது படி, ரெண்டாவது படி, நடுவுல நிக்க இடமே இல்ல. ரெண்டு படிக்கு நடுவுல எவ்வளவு உயரமோ, அதுக்குச் சரியான நிறத்துல வெளிச்சம் வந்தா எலக்ட்ரான் மேல ஏறும். சோடியம் விளக்கு மஞ்சளா எரியுறதுக்குக் காரணம், சோடியத்தோட படி உயரம் அந்த மஞ்சளுக்குச் சரியா இருக்கிறதுதான்.

இந்தப் படிகள் கல்லுல கட்டினது மாதிரி அசையாதுன்னு நாம ஸ்கூல்ல படிச்சிருப்போம். உண்மையில அசையும். 1913-ல யோஹானஸ் ஸ்டார்க்ங்கிற ஜெர்மன் விஞ்ஞானி, ஹைட்ரஜன் மேல பலமான மின்புலத்தைக் கொடுத்தா அது விடுற வெளிச்சத்தோட கோடுகள் பிரியுதுன்னு கண்டுபிடிச்சாரு. படி நகருது, அதனால நிறமும் மாறுது. இதுக்குப் பேரு ஸ்டார்க் விளைவு. 1919-ல இதுக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைச்சது.

அவர் பயன்படுத்தினது ஒரே திசையில நிக்கிற மின்புலம், பேட்டரி மாதிரி. ஆனா வெளிச்சமும் மின்புலம்தான். ஒரே வித்தியாசம், அது ஒரு செகண்டுக்குப் பல நூறு லட்சம் கோடி தடவை திசை மாறிக்கிட்டே இருக்கும். அப்போ வெளிச்சமும் படியை நகர்த்தணும் இல்லையா? நகர்த்துது. இதை ஏசி ஸ்டார்க் விளைவுன்னு சொல்வாங்க. சுருக்கமா "ஒளி நகர்வு"ன்னு வச்சுக்கலாம்.

சாவிக்கொத்து சோதனை

எப்படி நகர்த்துதுன்னு புரிய ஒரு சின்ன சோதனை. கேட்டுக்கிட்டே பண்ணலாம். வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கிறவங்க மட்டும் வேண்டாம்!

ஒரு முழ நூல்ல சாவிக்கொத்தைக் கட்டித் தொங்க விடுங்க. இப்போ நூலைப் பிடிச்ச கையை மெதுவா இடம் வலமா ஆட்டுங்க. சாவி உங்க கை போற பக்கமே போகும். அடுத்து கையைச் சின்னதா, ஆனா ரொம்ப வேகமா ஆட்டுங்க. சாவி கைக்கு எதிர்ப் பக்கம் போகும். நடுவுல ஒரு வேகம் இருக்கு. அது சாவியோட சொந்த வேகம். அந்த வேகத்துல ஆட்டினா சாவி தறிகெட்டு ஆடும்.

அணுவும் இதையேதான் பண்ணுது. கைக்குப் பதிலா வெளிச்சம், சாவிக்குப் பதிலா எலக்ட்ரான் மேகம். சொந்த வேகத்துல வெளிச்சம் ஆட்டினா அணு அதை விழுங்கிடும், அதாவது எலக்ட்ரான் படி ஏறும். அதைவிட மெதுவா, அதாவது இன்னும் கொஞ்சம் சிவப்புப் பக்கம் இருக்கிற வெளிச்சம் ஆட்டினா, எலக்ட்ரான் மேகம் விசை இழுக்கிற பக்கமே போகும். அதனால அணுவோட எனர்ஜி குறையும், கீழ்ப்படி இன்னும் கீழே இறங்கும். வேகமா, அதாவது நீலப் பக்கம் ஆட்டினா மேகம் எதிர்த்துப் போகும். எனர்ஜி கூடும், படி மேலே ஏறும்.

இங்க முக்கியமான விஷயம், அணு வெளிச்சத்தை விழுங்கவே இல்ல. வெளிச்சம் கடந்துதான் போகுது. ஆனா அது இருக்கிற வரைக்கும் படி இடம் மாறி நிக்குது. வெளிச்சத்தை அணைச்சா படி பழைய இடத்துக்கு வந்துடும்.

சிலருக்கு ஒரு சந்தேகம் வரும். வெளிச்சத்தோட மின்புலம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் போகுதே, சராசரி எடுத்தா பூஜ்யம்தானே? படி எப்படி நகரும்? பதில் சிம்பிள். மின்புலம் திசை மாறினா, எலக்ட்ரான் மேகம் இழுபடுற திசையும் கூடவே மாறும். எனர்ஜிங்கிறது இந்த ரெண்டோட பெருக்கல். மைனஸும் மைனஸும் பெருக்கினா பிளஸ். அதனால சராசரி பூஜ்யம் ஆகாது. வெளிச்சத்தோட தீவிரம் ரெண்டு மடங்கானா நகர்வும் ரெண்டு மடங்கு. நிறம் அணுவோட சொந்த நிறத்துக்கு எவ்வளவு பக்கமோ, நகர்வு அவ்வளவு அதிகம்.

இன்னொரு சுவாரஸ்யம். இதை முதல்ல பார்க்க லேசர் தேவைப்படலை. 1955-லேயே ஆட்லரும் டவுன்ஸும் ரேடியோ அலையை வச்சு ஒரு மூலக்கூறுல இதைக் காட்டினாங்க. 1961-ல பாரிஸ்ல குளோட் கோஹன்-தனூஜி, பாதரச ஆவி மேல சாதாரண பாதரச விளக்கு வெளிச்சத்தைப் பாய்ச்சியே படி நகர்றதை அளந்துட்டாரு. அவர் பிற்பாடு, 1997-ல, லேசரால அணுக்களைக் குளிர வைக்கிற வேலைக்காக நோபல் வாங்கினவங்க மூணு பேர்ல ஒருத்தர்.

இரும்பு வெட்டுற லேசர்ல எவ்வளவு?

இப்போ தம்பி கேள்விக்கு வருவோம். 3 கிலோவாட் ஃபைபர் லேசர்னு வச்சுக்கலாம். கதிரோட முனை தலைமுடி தடிமன் அளவுக்கு, சுமார் 0.1 மில்லிமீட்டருக்குக் குவியுது. கணக்குப் போட்டா சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 4 கோடி வாட். பூமி மேல விழற உச்சி வெயில் சதுர சென்டிமீட்டருக்கு 0.1 வாட்தான்.

அந்த இடத்துல தனியா ஒரு அணுவை வச்சா, ரஃபா கணக்குப் போட்டா, படி நகர்றது ஒரு எலக்ட்ரான் வோல்ட்டோட பத்து லட்சத்துல ஒரு பங்கு அளவுக்குத்தான். நம்ம ரூம் வெப்பத்துலேயே ஒவ்வொரு அணுவும் அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிக எனர்ஜியோட துள்ளிக்கிட்டு இருக்கு. ஆக, தம்பி, உங்க மெஷின் இரும்பை வெட்டுறது படியை நகர்த்தி இல்ல. இரும்பு வெளிச்சத்தை விழுங்கிச் சூடாகி உருகுது, பக்கத்துல வர்ற கேஸ் அதை ஊதித் தள்ளுது. அவ்வளவுதான்.

ஆனா அதே நகர்வை அதிர்வெண் கணக்குல சொன்னா ஒரு செகண்டுக்குப் பத்து கோடி அதிர்வு அளவுக்கு வரும். இந்த நம்பரை ஞாபகம் வச்சுக்கோங்க. இப்போ கடிகாரத்துக்குப் போறோம்.

கடிகாரத்துக்கு வந்த தலைவலி

எங்க பக்கத்துல கடிகாரம்னாலே ஓசூர் டைட்டன்தான் ஞாபகம் வரும். டாடாவும் தமிழ்நாடு அரசோட டிட்கோவும் சேர்ந்து 1984-ல தொடங்கின கம்பெனி. சாதாரண குவார்ட்ஸ் வாட்ச்சுக்குள்ள ஒரு சின்னக் கல் துண்டு செகண்டுக்கு 32,768 தடவை அதிரும். எலக்ட்ரானிக் சர்க்யூட் அதை எண்ணி ஒரு செகண்டு முள்ளை நகர்த்தும். கல்லை எப்படி அறுத்தாங்க, வெயில் எவ்வளவுங்கிறதைப் பொறுத்து மாசத்துக்குச் சில செகண்டு முன்ன பின்ன போகும். கல்யாண முகூர்த்தத்துக்கு அது போதும். சாட்டிலைட்டுக்குப் போதாது.

மேப் ஆப் உங்க இடத்தைக் கண்டுபிடிக்கிறது எப்படி? சாட்டிலைட்டுல இருந்து சிக்னல் எத்தனை நேரத்துல வந்துச்சுங்கிற கணக்கை வச்சுத்தான். அந்த நேரத்துல 1 நானோசெகண்டு, அதாவது செகண்டுல நூறு கோடியில ஒரு பங்கு தப்பினா, தூரம் 30 சென்டிமீட்டர் தப்பும். 1 மைக்ரோசெகண்டு தப்பினா 300 மீட்டர். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுல நிக்கிற உங்களை வேற தெருவுல காட்டும்.

அதனாலதான் சாட்டிலைட்டுல அணுக் கடிகாரம். எல்லா ரூபிடியம் அணுவுக்கும் படி உயரம் ஒண்ணுதான். அந்த உயரத்துக்குச் சரியான மைக்ரோவேவ் செகண்டுக்கு சுமார் 683 கோடி தடவை அதிரும். அதை எண்ணினா நேரம். கல்லை அறுக்கிறதுல வர்ற வித்தியாசம் இங்க கிடையாது, ஏன்னா அணுவை யாரும் அறுக்கலை.

ஆனா அணு எந்தப் படியில இருக்குன்னு தெரிஞ்சுக்க வெளிச்சம் காட்டித்தானே ஆகணும்? வழக்கமான ரூபிடியம் கடிகாரத்துல ஒரு சின்ன விளக்கோ லேசரோ அந்த ஆவி வழியா எரிஞ்சுக்கிட்டே இருக்கும். அந்த வெளிச்சமே படியைக் கொஞ்சம் நகர்த்திடும். விளக்கு பழசாகி வெளிச்சம் கூடினாலோ குறைஞ்சாலோ நகர்வு மாறும், கடிகாரமும் மாறும். அளவுகோலைப் படிக்க டார்ச் அடிக்கிறோம், டார்ச் சூட்டுல அளவுகோலே நீளுது. கதை இதுதான்.

இது நமக்கு வெறும் தியரி இல்ல. இஸ்ரோவோட நாவிக் அமைப்புக்கு முதல் சாட்டிலைட் ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ, 2013 ஜூலை 1-ல போச்சு. அதுல இருந்த மூணு ரூபிடியம் கடிகாரமும் வெளிநாட்டுல வாங்கினது, மூணுமே பழுதாச்சு. அந்தப் பழுதுக்கு ஒளி நகர்வு காரணம்னு நான் சொல்லலை. நான் சொல்ல வர்றது, கடிகாரம் நின்னா சாட்டிலைட் நல்லா இருந்தும் வழிகாட்ட முடியாது. அதுக்கு மாற்றா அனுப்பின 1எச், 2017 ஆகஸ்ட் 31-ல ராக்கெட்டோட வெப்பக் கவசம் பிரியாம வீணாப் போச்சு. 2018 ஏப்ரல்ல 1ஐ போய் அந்த இடத்தை நிரப்புச்சு. பிறகு 2023 மே 29-ல ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து போன என்விஎஸ்-01-ல, அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் உருவாக்கின நம்ம சொந்த ரூபிடியம் கடிகாரம் முதல் தடவையா ஏறுச்சு. அப்படிச் சொந்தமா ஒண்ணு செய்யணும்னா, வெளிச்சம், வெப்பம், காந்தப்புலம்னு படியை நகர்த்துற ஒவ்வொண்ணையும் அடக்கத் தெரியணும்.

குறைக்காதே, நிறத்தை மாத்து

அப்போ வெளிச்சத்தைக் குறைச்சா பிரச்சனை தீருமே? ஓரளவுக்குத்தான். இன்னும் துல்லியமான கடிகாரத்துல வெளிச்சத்தை விடவே முடியாது.

புதுத் தலைமுறைக் கடிகாரத்துல ஸ்ட்ரான்ஷியம் அணுவை வச்சு எண்ணுறாங்க. அதோட துடிப்பு செகண்டுக்கு சுமார் 429 லட்சம் கோடி. ஓடுற ரயிலோட ஹார்ன் சத்தம் கிட்ட வரும்போது ஒரு மாதிரியும் தள்ளிப் போகும்போது வேற மாதிரியும் கேக்கும் இல்லையா, அதே மாதிரி அணு ஓடினா எண்ணிக்கை கெட்டுப் போகும். அணுவைப் பிடிச்சு வைக்கணும். எதால பிடிப்பீங்க? வெளிச்சத்தாலதான்.

இங்க ஒளி நகர்வே உதவிக்கு வருது. சிவப்புப் பக்கத்து வெளிச்சம் அணுவோட எனர்ஜியைக் குறைக்கும்னு பார்த்தோம். வெளிச்சம் எங்க அதிகமோ அங்க எனர்ஜி குறைவு. தண்ணி பள்ளத்துக்கு ஓடுற மாதிரி, அணு வெளிச்சம் அதிகமா இருக்கிற இடத்துக்குப் போய் உக்காரும். 1986-ல பெல் ஆய்வகத்துல ஸ்டீவன் சூ, ஆர்தர் ஆஷ்கின் குழு சோடியம் அணுக்களை இப்படி லேசர் முனையில பிடிச்சுக் காட்டினாங்க. ரெண்டு லேசரை எதிரெதிரா விட்டா, வெளிச்சமே முட்டை அட்டை மாதிரி குழி குழியா நிக்கும். ஒவ்வொரு குழியிலயும் அணுவை உக்கார வைக்கலாம்.

சிக்கல் புரியுதா? பிடிக்கிற வெளிச்சம் படியை நகர்த்தித்தான் பிடிக்குது. நகர்வு இல்லைன்னா பிடியும் இல்ல. ஆழம் கம்மியான குழியில கூட அந்த நகர்வு லட்சக்கணக்கான ஹெர்ட்ஸ். கடிகாரத்துக்குத் தேவையோ ஒரு ஹெர்ட்ஸ்ல ஆயிரத்துல ஒரு பங்குக்கும் குறைவான தப்பு. முன்ன சொன்ன பத்து கோடியை இதோட வச்சுப் பாருங்க. இரும்புக்குத் தூசி, இங்க மலை.

டோக்கியோவுல ஹிதெதோஷி கதோரி 2001 வாக்குல ஒரு வழி சொன்னாரு. கடிகாரம் அளக்கிறது படியோட உயரத்தை இல்ல, ரெண்டு படிக்கு நடுவுல இருக்கிற இடைவெளியை. ரெண்டு படியும் ஒரே அளவு இறங்கினா இடைவெளி மாறாதே! எண்ணெய்க் கடையில காலிப் பாத்திரத்தோட எடைக்குச் சமமா எதிர்த்தட்டுல ஏதாவது வைப்பாங்க இல்லையா, அப்புறம் பாத்திரம் எவ்வளவு கனமா இருந்தா என்ன? அதே யோசனை. கீழ்ப்படியும் மேல்படியும் வேற வேற சொந்த நிறம் உள்ளவை. அதனால லேசர் நிறத்தை மாத்திக்கிட்டே போனா, ரெண்டு நகர்வும் சமமாகுற ஒரு நிறம் கிடைக்கும். ஸ்ட்ரான்ஷியத்துக்கு அது சுமார் 813 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. இதுக்கு "மாய அலைநீளம்"னே பேரு. வெளிச்சத்தைக் குறைக்கலை, அணுவை விடவும் இல்ல. நகர்வு முழுசா இருக்கு, கணக்குல மட்டும் தெரியாது.

இப்படிச் செஞ்ச கடிகாரங்கள், பிரபஞ்சத்தோட வயசான 1,380 கோடி வருஷம் ஓடினாலும் ஒரு செகண்டு தப்பாது.

ஓசூர் நேரம் வேற, கிருஷ்ணகிரி நேரம் வேற

அவ்வளவு துல்லியம் எதுக்குன்னு கேக்கலாம். உயரமான இடத்துல நேரம் கொஞ்சம் வேகமா ஓடும்னு ஐன்ஸ்டைன் சொன்னாரு. கதோரி குழு டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்துல கீழே ஒண்ணு, 450 மீட்டர் மேலே ஒண்ணுன்னு ரெண்டு கடிகாரம் வச்சு அதை அளந்தாங்க. 2020-ல முடிவு வந்துச்சு. நாளுக்கு சுமார் 4 நானோசெகண்டு வித்தியாசம்.

நம்ம ஊர்க் கணக்கு போடுவோம். கிருஷ்ணகிரியில இருந்து சூளகிரி வழியா ஓசூர் போனா சுமார் 400 மீட்டர் ஏறுறோம். அப்போ ஓசூர் கடிகாரம் நாளுக்கு 4 நானோசெகண்டுக்குக் கொஞ்சம் கம்மியா முந்தும். இதையே திருப்பிப் போட்டா, நேரத்தை வச்சு உயரத்தை அளக்கலாம். பூமிக்கு அடியில என்ன கனம் இருக்கு, எரிமலைக்குக் கீழ பாறைக் குழம்பு ஏறுதாங்கிற மாதிரி கேள்விகளுக்குக் கடிகாரம் பதில் சொல்ல ஆரம்பிக்கும். 1967-ல இருந்து செகண்டுங்கிறது சீசியம் அணுவோட 9,192,631,770 அதிர்வு. அந்த வரையறையையே 2030 வாக்குல இந்த மாதிரி ஒளிக் கடிகாரத்துக்கு மாத்தணும்னு உலக அளவுல திட்டம் போய்க்கிட்டு இருக்கு.

நிஜமாவே தீவிரமான லேசர்

கட்டிங் லேசரைவிடப் பெரியது எது? பெம்டோசெகண்டு லேசர். மொத்த எனர்ஜி 1 மில்லிஜூல், அதாவது 10 கிராம் எடையை 1 சென்டிமீட்டர் தூக்குற அளவுதான். ஆனா அதைச் செகண்டுல கோடி கோடியில ஒரு பங்கு நேரத்துக்குள்ள அடைச்சுப் புள்ளியில குவிச்சா, சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கோடி கோடி வாட்டைத் தாராளமா தொடலாம். வெட்டுற லேசரைப் போல 25 லட்சம் மடங்கு. மும்பை டாடா ஆய்வு நிறுவனத்துலயும் இந்தூர் ராஜா ராமண்ணா மையத்துலயும் இதைவிடப் பலமான லேசர்கள் இருக்கு.

அங்க படி நகர்றதில்ல, தூக்கி எறியப்படுது. அணுவோட ரொம்ப தூரத்துல தளர்வா இருக்கிற எலக்ட்ரான், கட்டில்லாத மாதிரி ஆடும். 800 நானோமீட்டர் லேசர்ல அந்த ஆட்டத்துக்கு மட்டும் சுமார் 6 எலக்ட்ரான் வோல்ட் ஆகும். அதனால மேல்படிகள் எல்லாம் அவ்வளவு உயரம் மேல போயிடும். கீழ்ப்படி அதிகம் நகராது. செனான் அணுவுல இருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கச் சாதாரணமா 8 போட்டான் போதும். வெளிச்சம் அந்த உச்சத்துல இருக்கும்போது 12 வேணும். பிடுங்க வந்தவனே மதிலை உயர்த்திட்டான்!

1987-ல ஃப்ரீமனும் கூட்டாளிகளும் ரொம்பக் குட்டித் துடிப்புகளை வச்சு இதைக் கையும் களவுமா பிடிச்சாங்க. நீளமான துடிப்புல எலக்ட்ரான் வெளிய வரும்போது அந்த ஆட்ட எனர்ஜியைத் திரும்ப வாங்கிடும், தடயம் அழிஞ்சிடும். குட்டித் துடிப்புல அதுக்கு நேரமில்ல. ஏறிக்கிட்டே போற படி எந்தக் கணத்துல போட்டான் கணக்குக்குச் சரியா வந்துச்சோ, அது எலக்ட்ரானோட எனர்ஜியிலேயே கூர்மையான சிகரமா பதிஞ்சிருந்தது.

மூலக்கூறுலயும் இதுக்கு வேலை இருக்கு. 2006-ல கனடாவுல ஆல்பர்ட் ஸ்டோலோ குழு அயோடின் புரோமைடை எடுத்தாங்க. அது உடையும்போது ரெண்டு பாதை இருக்கு. அகச்சிவப்பு லேசர் துடிப்பைச் சரியான நேரத்துல காட்டி, அந்த இடத்து எனர்ஜி மேட்டை மட்டும் ஏத்தி இறக்கி, எந்தப் பாதையில எவ்வளவு போகணும்னு மாத்தினாங்க. மூலக்கூறு அந்த வெளிச்சத்தை விழுங்கலை. துடிப்பு போனதும் மேடு பழைய நிலைக்கு வந்துடுச்சு. வினையை மாத்திட்டு, தான் மாறாம போறதுக்கு நாம வச்சிருக்கிற பேரு வினையூக்கி. இங்க வெளிச்சமே வினையூக்கி.

கடைசியா

வெளிச்சம் சும்மா பார்த்துட்டுப் போற ஆள் இல்ல. தொடாம பார்க்க முடியாது. இதை முதல்ல தொல்லையா பார்த்தாங்க, அப்புறம் பொறியா பயன்படுத்தினாங்க, அப்புறம் நிறத்தைத் தேர்ந்தெடுத்து அதையே அதுக்கு எதிரா நிறுத்தினாங்க.

நம்ம பக்கத்துலயே பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்துல லேசரால குளிர்ந்த அணுக்களை வச்சு வேலை நடக்குது. புனே ஐயுகாவுல யெட்டர்பியம் அயனியை வச்சு ஒளிக் கடிகாரம் கட்டுறாங்க. 2023 ஏப்ரல்ல 6,003.65 கோடி ரூபாய்ல ஒப்புதல் ஆன தேசிய குவாண்டம் திட்டத்துல அணுக் கடிகாரமும் ஒரு இலக்கு. இதுக்கு இயற்பியல் படிச்சவங்க மட்டும் போதாது. வெற்றிட அறை கடையணும், கண்ணாடியை மைக்ரான் கணக்குல நிறுத்தணும், லேசரை ஆடாம வைக்கணும். நம்ம ஓசூர்-கிருஷ்ணகிரி பக்கத்துப் பசங்களுக்குக் கைவந்த வேலைக்கு ரொம்ப தூரத்துல இருக்கிற விஷயம் இல்ல இது.

சாவிக்கொத்து சோதனை பண்ணிப் பார்த்தவங்க, எத்தனை நூல் நீளத்துக்கு எந்த வேகத்துல சாவி திசை மாறுச்சுன்னு வாய்ஸ் நோட்ல சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல, லேசர் பட்டா சூடாகத்தானே செய்யும், அணு எப்படிக் குளிருதுன்னு பேசலாம்.